உள்பக்கம் திறக்கும் கதவு

அந்த மனநல மருத்துவமனையை நான் காகிதத்தில் வரைவதற்கு முன்பே என் அண்ணன் அதன் ஒரு பக்கத்தை வாழ்ந்து முடித்திருந்தான். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நான் போய் அளந்தது அவன் பல வருஷமாகத் தேய்ந்த தூரத்தைத்தான்.

கட்டடம் அப்படி. நடுவில் அலுவலகம், மணிக்கூண்டு, தூண்கள் வைத்த முகப்பு. அங்கிருந்து இரண்டு பக்கமும் நடைக்கூடம் நீண்டுகொண்டே போகும். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். முகப்பை ஒட்டிய அறைகள் சீக்கிரம் வீடு திரும்பக்கூடியவர்களுக்கு. அடுத்த கூடம், கொஞ்ச நாளாகும் என்பவர்களுக்கு. கடைக்கோடியில், போடும் சத்தம் முகப்புக்குக் கேட்காத தொலைவில், யாரும் எதையும் எதிர்பார்க்காதவர்களுக்கு. இதைக் கட்டிய பொறியாளர் அதற்கு முன்னால் குதிரை லாயங்களும் ஒரு சிறைச்சாலையும் கட்டியவராம். மனிதர் அனுபவத்தை வீணாக்கவில்லை. ஒரு ஆள் வாசலிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுத்திருக்கிறான் என்று பார்த்தால் போதும், டாக்டர்கள் அவனைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அண்ணன் சேர்ந்தபோது அவனுக்கு முன் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் பூச்செடி. "ஓட்டல் மாதிரி இருக்குடி" என்று அம்மா வாய்விட்டுச் சொன்னாள். அவன் மின்சார வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவன். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். பிறகு பூச்செடி போய், துணி காயும் கொடி வந்தது. அம்மா போனாள், அப்பா போனார். கொடியும் போய், எதிரே மதில்சுவர் வந்தது. அந்த வருஷம்தான் நான் வரைபடம் போடுகிற கட்டடக்கலை அலுவலகத்துக்கு அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்கிற வேலை கிடைத்தது.

வேலையை ஏற்கலாமா என்று நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். துள்ளிக் குதித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்கக் கிடைத்த அண்ணனைத் தினமும் ஜன்னல் வழியாகவாவது பார்க்கலாமே.

எங்கள் தலைமைக் கட்டடக் கலைஞருக்கு நாங்கள் வைத்த பெயர் அசல். எந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாலும் "அசல் எது?" என்பதுதான் அவர் வாயில் வரும் முதல் சொல். பின்னால் வந்தவர்கள் சேர்த்தது, அடைத்தது, மாற்றியது எல்லாம் அவருக்கு இடைச்செருகல். அதையெல்லாம் உரித்து எறிந்துவிட்டால் உள்ளே பலாச்சுளை மாதிரி அசல் கட்டடம் இருக்கும் என்று நம்புகிறவர். கெட்டிக்காரர், நாணயமானவர், சுவரைத் தட்டிப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார். ஆனால் அதற்குள் குடியிருக்கிறவர்களைத் தட்டிப் பார்க்கத் தெரியாது.

அந்தக் கட்டடம் அவருக்கு விருந்தாகத்தான் இருந்தது. ஜன்னல் சட்டங்கள் மரம் போல வர்ணம் பூசிய இரும்பு. தோட்டத்து மதிலைப் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இடுப்பு உயரம்தான், ஒரு எட்டில் தாண்டிவிடலாம் போலிருக்கும். கிட்டே போனால்தான் இந்தப் பக்கம் ஆளை விழுங்குகிற பள்ளம் தெரியும். "சிறையில இருக்கோம்னு நோயாளிக்குத் தோணக்கூடாதுங்கறதுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கான் பாரும்மா! என்ன ஒரு கருணை!" என்று அசல் உருகினார். அடைத்து வைத்திருப்பதையும் ஒளித்து வைப்பதற்குப் பெயர் கருணையா என்று நான் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் எல்லாக் கேள்வியையும் கேட்க முடியுமா?

முதலில் எடுத்துக்கொண்டது ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பகுதி. நடைக்கூடத்தின் ஒரு ஓரமாகத் தனியறைகள் வரிசையாக இருந்தன. வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தவை. பக்கத்துப் பொதுக்கூடத்தில் கட்டிலோடு கட்டில் உரசப் படுத்திருந்தவர்களைப் புதுப்பித்த பிறகு அந்த அறைகளுக்கு மாற்றுவதாகத் திட்டம். அந்தக் கூடத்தில்தான் அண்ணன் இருந்தான்.

ஒவ்வொரு அறையிலும் ஒரு சிமெண்ட் மேடை, அதுதான் படுக்கை. கதவு கனமான தேக்கு, வெளிப்பக்கம் திறப்பது, கீலும் வெளிப்பக்கம். அறையை அளந்து வரைந்துகொண்டிருந்தபோது நிலைச்சட்டத்தின் உட்பக்கத்தில் கீல் உட்காருகிற அளவுக்குச் செதுக்கிப் பிறகு மரத்துண்டு வைத்து அடைத்த தழும்பைப் பார்த்தேன். எல்லா நிலையிலும் அதே தழும்பு. அசலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்போ முதல்ல கதவு உள்பக்கம்தான் திறந்திருக்கு! யாரோ பின்னால திருப்பி மாட்டியிருக்காங்க. இடைச்செருகல்!"

சிமெண்ட் மேடையை உடைத்தார்கள். அடியில் பழைய கல்தளம் பளபளவென்று இருந்தது. நான்கு மூலையிலும் இரும்புக் கட்டில் கால் அழுத்திய குழிகள். மேடையும் இடைச்செருகல்தான் என்று முடிவாயிற்று. அதில் எனக்கும் சந்தோஷமே. சிமெண்டில் படுப்பதற்குப் பதில் அண்ணனுக்கு ஒரு கட்டில், ஒரு மெத்தை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கோடி அறைக்கு முந்தின அறையில்தான் என் சந்தோஷம் போனது. அந்தக் கதவில் மட்டும் பூட்டுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு ஒட்டு. வேறு மரம். யாரோ வெளியிலிருந்து இடித்துப் பிளந்ததைப் பிறகு சரி செய்திருக்கிறார்கள். அந்த அறையின் மேடையை உடைத்ததும், கட்டில் கால் குழியிலிருந்து கதவைப் பார்த்து இரண்டு கீறல்கள் புறப்பட்டு, மேடை இருந்த எல்லையோடு நின்றன. எல்லைக்கு வெளியே இருந்ததெல்லாம் காலடி பட்டு அழிந்திருக்க வேண்டும். முழங்கால் போட்டு அந்தக் கீறலில் விரலை வைத்தேன். கல்லையே கீறும்படி ஒருவன் கட்டிலை எவ்வளவு வெறியோடு இழுத்திருப்பான்!

அசலிடம் ஓடினேன்.

"சார், இந்த அறையில ஒருத்தன் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கான். கதவு உள்பக்கம் திறக்கறதால வெளியில இருந்தவங்களால தள்ள முடியல. உடைச்சிருக்காங்க. அதுக்கப்புறம்தான் எல்லாக் கதவையும் திருப்பியிருக்காங்க, நகர்த்த முடியாத மாதிரி மேடையும் கட்டியிருக்காங்க. ரெண்டும் ஒரே காரியம் சார். இது இடைச்செருகல் இல்ல."

அவர் கீறலைக் குனிந்து பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், சும்மா சொல்லக்கூடாது.

"இருக்கலாம்மா. ஆனா ஊகம்தானே? கீறலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஊகத்தை நம்பி ஒரு நடைக்கூடத்தோட முகத்தையே கெடுக்க முடியாது. எல்லாக் கதவும் வெளியில துருத்திக்கிட்டு, லாயம் மாதிரி இருக்கு."

"லாயம் கட்டினவர்தானே சார் கட்டினாரு?"

சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்காணிப்பாளரிடம் அழைத்துப் போனார். கண்காணிப்பாளர் டாக்டர், ஓய்வுக்குக் காத்திருக்கிறவர், எதையும் இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்.

"அதெல்லாம் மாத்திரை இல்லாத காலம்மா. சங்கிலி போட்டு வச்சிருந்த காலம். இப்ப எல்லாரும் மருந்துல அமைதியா இருக்காங்க. உள்பக்கம் தாழ்ப்பாளும் கிடையாது. அப்புறம் என்ன பயம்?"

"கட்டில் இருக்கே டாக்டர்."

"கட்டில்ல படுப்பாங்க."

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "எங்க அண்ணன் அந்தக் கூடத்துல இருக்காரு டாக்டர். நாளைக்கு அந்த அறைக்குள்ள போகப் போறவர் அவரு" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே என் வேலைக்கு இருந்த மதிப்பு போய்விட்டது. அந்த நிமிஷம்வரை நான் கட்டடம் தெரிந்தவள். அதற்குப் பிறகு நோயாளியின் தங்கை. நிலைச்சட்டம், தழும்பு, கீறல் என்று நான் அடுக்கிய அத்தனையும் ஒரே நொடியில் குடும்பக் கவலை ஆகிவிட்டது. "கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று கண்காணிப்பாளர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தம்ளரை அவர் மேஜை மேல் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

கதவுகள் திரும்பின. கீல்கள் உள்ளே போயின. நடைக்கூடம் சுத்தமாக, நேராக, படத்தில் போடுகிற மாதிரி ஆயிற்று. ஒருநாள் ரிப்பன் வெட்டினார்கள். அசல் என் வரைபடத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டினார்.

அண்ணனுக்குக் கோடி அறை கிடைத்தது. கீறல் அறைக்கு அடுத்தது. ஒரு பையில் அவன் உடைமை எல்லாம் அடங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தான். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். திறந்தான். சாத்தினான்.

"என்னண்ணா, பிடிச்சிருக்கா?"

"நானே சாத்தலாமா?"

"சாத்தலாம். பூட்டறது மட்டும் அவங்க."

எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு இரண்டு அறை. அதில் எவனுக்குத் தனியாகக் கதவு? அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு சமையலறையை ஒட்டிய அறையை ஒழித்துக் கொடுத்தோம். முதல் வாரமே, டாக்டர் சொன்னாரென்று அப்பா அதன் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். இரவும் பகலும் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். அக்கறைதான். ஆனால் அவன் வியாதியே எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதுதான். நாங்கள் அதை நிரூபித்துக்கொண்டிருந்தோம்.

அது நடந்தபோது நான் பெண்கள் பக்கத்துக் கூரையில் இருந்தேன். சாப்பாட்டு நேரம் கழிந்த மத்தியானம். ஆண்கள் பக்கத்து நர்ஸ் முற்றத்தில் நின்று, நடுங்குகிற குரலில் கத்தினாள்.

"அக்கா, இறங்கி வாங்க! உங்க அண்ணன் ரூம் கதவு திறக்கல!"

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு காவலாளிகள் தோளால் மோதிக்கொண்டிருந்தார்கள். கதவு ஒரு விரல் அளவு விலகி, அதோடு சரி. கதவில் இருந்த வட்டமான பார்வைத் துளையை உள்ளேயிருந்து துணி வைத்து அடைத்திருந்தான். ஜன்னலோ ஆள் உயரத்துக்கு மேலே, அதிலும் கருணை மிக்க அந்த இரும்பு. பழையபடி கீல் வெளியே இருந்திருந்தால் அதன் ஆணியைக் கழற்றிக் கதவையே எடுத்திருக்கலாம்.

"அண்ணா!" என்று கத்தினேன். "அண்ணா, நான்தான்! பதில் சொல்லு!"

சத்தமே இல்லை. உள்ளே ஒருவன் தன்னை என்னவெல்லாம் செய்துகொள்ளலாம் என்று அந்த நடைக்கூடத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். படுக்கை விரிப்பு இருக்கிறது, ஜன்னல் கம்பி இருக்கிறது. நர்ஸ் அழ ஆரம்பித்தாள். நான் கதவின் அடியில் படுத்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். கட்டில் கால் மட்டும் தெரிந்தது. தரையைத் தொடாமல் தொங்குகிற கால் ஏதாவது தெரிகிறதா என்றுதான் தேடினேன்.

கண்காணிப்பாளரும் அசலும் ஓடி வந்தார்கள். அசல், வேலை நடந்த இடத்திலிருந்து கடப்பாரையை எடுத்துவரச் சொல்லி, காவலாளி கையிலிருந்து பிடுங்கி, பூட்டுக்குப் பக்கத்தில் தானே முதல் இடி இடித்தார். நூற்றாண்டுத் தேக்கு. லேசில் விடவில்லை. சட்டை நனைந்து, உள்ளங்கை உரிந்து, மூச்சு வாங்க இடித்துக்கொண்டே இருந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. பலகை பிளந்தது. ஓட்டைக்குள் கையை விட்டு, கட்டிலைப் புரட்டி, எல்லோருமாக உள்ளே விழுந்தோம்.

அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

பல வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கியவன் அத்தனை இடிக்கும் எழவில்லை. கட்டில் பாதி கவிழ்ந்த நிலையிலும் அவன் கண்ணைத் திறக்க ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடியில் நான் பார்த்துவிட்டேன். முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, வாய் லேசாகத் திறந்து. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவன் அப்படித் தூங்குவான். அதற்குப் பிறகு அவன் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு கண் விழித்தான். உடைந்த கதவு, கடப்பாரை, மேலே விழுகிற ஆட்கள். அவன் போட்ட அலறல் முகப்புவரை கேட்டதாகச் சொன்னார்கள். கால்சட்டை நனைந்துவிட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டான். நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க ஊசி போட்டார்கள். பிடித்த கைகளில் என் கையும் ஒன்று. "ஒண்ணுமில்லண்ணா, ஒண்ணுமில்லண்ணா" என்று சொல்லிக்கொண்டே பிடித்திருந்தேன்.

விசாரணை வந்தது. தூங்கினான் என்று யார் எழுதுவார்கள்? கதவை அடைத்துக்கொண்டு தற்கொலைக்கு முயன்றதாக எழுதிவிட்டார்கள். நான் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றேன்.

"டாக்டர், அவரு தூங்கிட்டிருந்தாரு. நீங்களும்தானே பாத்தீங்க?"

"பாத்தேம்மா. ஆனா தூங்கறதுக்கு யாராவது கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பாங்களா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

கதவைப் பழையபடி வெளிப்பக்கம் திருப்பிவிடலாம் என்று அசல் மன்றாடினார். உரிந்த கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, கீறலையும் தழும்பையும் காட்டி, நான் சொன்னதையெல்லாம் வரிக்கு வரி சொன்னார். தங்கை சொல்லி எடுபடாதது தலைமைக் கட்டடக் கலைஞர் சொல்லியும் எடுபடவில்லை. கதவே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த வரிசையில் இருந்த கதவுகள் அத்தனையையும் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். கட்டில்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். திரைச்சீலை கேட்டேன். சீலையில் தூக்கு மாட்டலாம் என்று மறுத்தார்கள். பிறகு வரைபடத்தைத் திருத்தித் தரச் சொன்னார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்ட வரைகிற கால்வட்டக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு அறையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அழித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து அறைக்காரனின் ஞாபகம் வந்தது, அந்தக் கீறல்காரன். அவன் செத்திருப்பான் என்றே நான் இவ்வளவு நாளும் நினைத்து வாதாடிக்கொண்டிருந்தேன். யார் கண்டது? அவனும் தூங்கியிருக்கலாம். ஒரே ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கியதற்காக ஊரே கடப்பாரையோடு வந்து, கதவைத் திருப்பி, அவன் முதுகுக்குக் கீழே சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருக்கலாம். எங்களுக்குத் தெரிந்த வரலாறு இவ்வளவுதான். கதவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல முடிகிறது. ஆளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல முடியவில்லை.

அண்ணனுக்கு மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வாரம் அவன் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் வாயைத் திறந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நடைக்கூடத்தில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் தோள் சுருங்கியது.

"தூக்கமே வர மாட்டேங்குது" என்றான்.

"மாத்திரை கொடுக்கறாங்கல்ல?"

"அது மயக்கம்."

இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏண்ணா கட்டிலை இழுத்துப் போட்ட?"

"நகந்துச்சு. வச்சுப் பாத்தேன், கதவுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவுல சரியா பொருந்துச்சு. இனிமே யாரும் வர முடியாதுன்னு தெரிஞ்சதும் தூக்கம் வந்துடுச்சு."

"சாகணும்னு நினைச்சியா?"

"சாகறதுக்கு எதுக்குடி கட்டில்?" என்றான். கணக்கு வராதபோது சின்ன வயதில் என்னைத் திட்டுவானே, அதே குரல். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

பார்வையாளருக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலின் நடுவில் போட்டேன்.

"நீ படு. நான் இங்க உக்காந்துக்கறேன். என்னைத் தாண்டி ஒருத்தரும் வர மாட்டாங்க."

"நீ?"

"நானும் வர மாட்டேன்."

"பாக்கவும் கூடாது."

"பாக்க மாட்டேன்."

நாற்காலியை நடைக்கூடத்தைப் பார்க்கத் திருப்பி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சத்தம் இல்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். நான் தலையைக் குறுக்கே நகர்த்தினேன். அவள் முறைத்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து வந்தது மூச்சா காற்றா என்று சரியாகப் புரியவில்லை.

பார்வை நேரம் முடிந்து காவலாளி வந்தார்.

"நேரமாச்சும்மா."

"கொஞ்சம் இருங்க, தூங்கறாரு."

"பாத்தீங்களா?"

"பாக்கல. நீங்களும் பாக்காதீங்க."

"பாக்கறதுதானேம்மா எங்க வேலை" என்றார் அவர். கோபமில்லாமல், கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

எழுந்தேன். அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டார். நான் திரும்பாமல் நடந்து வெளியே வந்து பஸ் ஏறினேன். அவன் தூங்கினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.